களர் நிலத்தில் பயறு விளையுமா?

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தியே நடக்கிறார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெகு தூரத்திலேயே மலை கண்ணில் பட்டுவிடுகிறது. அருகில் வந்தால், 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் பார்வையை இழுத்துக்கொள்கிறது. கார்த்திகைத் தீபத்தன்றோ, லட்சக்கணக்கான ஜனங்களின் கண்கள் மலையுச்சியை விட்டு அகலுவதேயில்லை. இப்படி எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், கீழே தரையைப் பார்ப்பவர் யார்?

குடியானவர் பார்க்கிறார். தரை அவருக்கு உயிர். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சீமை ஏரிகளையும் கிணறுகளையும் நம்பிப் பிழைப்பது. மேட்டு நிலத்தில் மணிலாக்கொட்டை, பள்ளத்தில் நெல், வரப்பிலும் தரிசிலும் உளுந்து, காராமணி, துவரை என்பது அவர்கள் வழக்கம். ஆனால் தண்ணீர் வடிய வழியில்லாத தாழ்ந்த வயல்களிலும், கிணற்று நீர் கரிக்கிற இடங்களிலும், வெயில் ஏற ஏறத் தரை வெளுத்துப் பொருக்குத் தட்டுவதுண்டு. பார்ப்பதற்கு யாரோ மாவு தூவியது போல் இருக்கும். அந்தத் துண்டில் விதைத்த உளுந்து முளைப்பதில்லை. முளைத்தாலும் இலை ஓரம் கருகி, இரண்டு வாரத்தில் மடிந்துவிடுகிறது.

வீட்டுக்குள் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் நமக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு. காலையில் இட்லிக்கு உளுந்து, மத்தியானம் சாம்பாருக்குத் துவரை, மாலையில் சுண்டலுக்குப் பயறு என்று நம் குடும்பங்களின் புஷ்டியெல்லாம் அவரை இனத்துப் பயிர்களை நம்பியிருக்கிறது. உலகத்திலேயே பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிக்கும் தேசம் நம்முடையது. மிகுதியாக உண்ணும் தேசமும் நம்முடையதுதான். அப்படியிருந்தும் பர்மாவிலிருந்து உளுந்தும், ஆப்பிரிக்காவிலிருந்து துவரையும் கப்பலேறி வரவேண்டியிருக்கிறது. சொந்த நிலம் உப்புப் பூத்துக் கிடக்க, சோற்றுக்குப் பருப்பை அயல்நாட்டில் வாங்குவது பெருமையான காரியம் அல்லவே!

நிலக் கணக்கும் சிறியதன்று. இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 3 லட்சத்து 68 ஆயிரம் ஹெக்டேர். அதில் வெறும் 13 ஆயிரந்தான் உவர் நிலம், மற்றதெல்லாம் களர்.

உவர் வேறு, களர் வேறு

உவரும் களரும் ஒன்றே என்று பட்டணவாசிகள் நினைக்கலாம். இரண்டும் வெவ்வேறு வியாதிகள். ஆகையால் மருந்தும் வெவ்வேறு.

உவர் நிலத்தில் கரையக்கூடிய உப்புக்கள் மிகுந்திருக்கும். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. கடல் நடுவே படகில் இருப்பவன் தாகத்தால் தவிப்பது போன்றதே பயிரின் நிலைமை. நல்ல தண்ணீரைத் தேக்கி, அது கீழே வடிந்து போகும்படி செய்தால், உப்பும் அதோடு போய்விடும்.

களர் நிலத்தின் கதை வேறு. அங்கே ஸோடியம் என்னும் தாது களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல மண்ணில் கால்ஷியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, இடையே காற்றும் நீரும் புகச் சந்து விட்டு வைக்கிறது. ஸோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் துகள்கள் பிரிந்து, சந்துகளையெல்லாம் அடைத்துவிடுகின்றன. மழை பெய்தால் சேறு. வெயில் காய்ந்தால் கல். தண்ணீர் மேலேயே கலங்கி நிற்கும். அரை அடிக்குக் கீழே மண் வறண்டிருக்கும். வேருக்கு மூச்சு முட்டிப் போகிறது. இத்தகைய மண்ணின் காரத்தன்மை 8.5 என்னும் எண்ணுக்கு மேல் இருக்கும். சலவைத் தொழிலாளர் ஒரு காலத்தில் துணி வெளுக்கச் சவுட்டு மண்ணைத் தேடிப் போனது இந்தக் காரத்துக்காகவே. துணிக்கு நல்லது பயிருக்கு விஷமாயிற்று!

இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். ஒரு பிடி மண்ணை உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மழைநீரை விட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிடவேண்டும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களர்க் குணம் இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். விரைவில் மண் படிந்து நீர் தெளிந்துவிட்டது, ஆனால் நாவில் கரிக்கிறது என்றால், உவராக இருக்கலாம். இது கைநாடி பார்ப்பதைப் போன்றது. நிச்சயமான முடிவுக்கு மண் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியே ஆகவேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வாழவச்சனூரில் 2014-ம் வருஷம் முதல் வேளாண்மைக் கல்லூரியும் நடைபெற்று வருகிறது. ஆகவே யோசனை கேட்க வெகு தூரம் போகவேண்டியதில்லை.

மணிலாவும் காராமணியும்

எல்லாப் பயிர்களுக்கும் உப்பைத் தாங்கும் சக்தி ஒன்றல்ல. மாஸ், ஹாஃப்மன் என்னும் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1977-ம் வருஷம் இதற்கு ஓர் அட்டவணை வகுத்தார்கள். மண்ணின் சாற்றில் மின்சாரம் பாயும் வேகத்தைக் கொண்டு உப்பை அளக்கும் முறை அது. அந்த அளவையில் பீன்ஸ் 1 என்னும் எண்ணைத் தாண்டியதுமே வாடத் தொடங்குகிறது. மணிலாக்கொட்டை 3.2 வரை பொறுக்கும். காராமணி 4.9 வரையிலும், சோயா 5 வரையிலும் தாங்கும்.

எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பது இன்னும் முக்கியமானது. மணிலா ஒவ்வோர் எண்ணுக்கும் விளைச்சலில் நூற்றுக்கு 29 பங்கை இழக்கிறது. உப்பு 5 என்னும் அளவில் இருக்கும் கொல்லையில் மணிலா போட்டால் பாதி மகசூல் போய்விடும். அதே கொல்லையில் காராமணி ஏறக்குறைய நஷ்டமின்றி விளையும். மணிலாவையே பெரிதும் நம்பியிருக்கும் ஒரு சீமைக்கு இது அலட்சியம் செய்யத்தக்க விஷயமா?

அவரை இனத்துக்கு மற்றோர் இடைஞ்சலும் உண்டு. இவற்றின் வேர்களில் சிறு சிறு முடிச்சுக்கள் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கலாம். அவற்றுள் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாகக் கொடுக்கின்றன. 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இந்த ரகசியத்தை வெளியிட்டார்கள். அந்த நுண்ணுயிர்கள் உப்பை ஒருவாறு சகித்துக்கொள்ளும். ஆனால் அவை வேர்த்தூவிக்குள் நுழைந்து முடிச்சுக் கட்டும் அந்தச் சமயந்தான் மிகவும் நொய்மையானது. உப்பு மிகுந்தால் இந்தக் கல்யாணம் நடப்பதில்லை. செடி உயிரோடிருந்தும் பட்டினி கிடக்கிறது.

சாணம் என்ன செய்கிறது?

களர் கெடப் பிரண்டையை இடவேண்டும் என்று நம் பெரியோர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். தழையையும் சாணத்தையும் இட்டு நிலத்தைத் திருத்தும் வழக்கம் நம்மவர்களுக்குப் புதிதன்று. இந்தூரில் இருந்து கம்போஸ்டு உரம் தயாரிக்கும் முறையை வகுத்த ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில விஞ்ஞானி, இந்தியக் குடியானவர்களையே தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களாகக் கருதினார். 1940-ல் வெளியான தம் புத்தகத்தில் களர் நிலம் உண்டாவதையும் ஆராய்ந்து, மண்ணுக்குக் காற்றோட்டம் குறைவதை அதற்கு ஒரு காரணமாக எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் சாணமும் தழையும் செய்யும் வேலை என்ன? மக்கும்போது அவற்றிலிருந்து கரியமில வாயு கிளம்புகிறது. அது மண் ஈரத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. பல களர் நிலங்களில் அடியில் சுண்ணாம்புக் கற்கள் கிடக்கின்றன. ஆனால் கரையாமல் கிடப்பதால் பயன் இல்லை. பெட்டியில் பணமிருந்தும் சாவி இல்லாத வீட்டைப் போன்றது அந்த நிலம். மெல்லிய அமிலம் அந்தப் பெட்டியைத் திறக்கிறது. சுண்ணாம்புச் சத்து கரைந்து வந்து ஸோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது. அத்துடன், மக்கு மண் துகள்களைச் சேர்த்துக் கட்டுகிறது. மேலே பரப்பிய தழை வெயிலைத் தடுத்து, உப்பு மேலேறி வருவதைக் குறைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சாணம் உப்பைத் தின்றுவிடுவதில்லை. தள்ளப்பட்ட ஸோடியம் தண்ணீரோடு கீழே இறங்கவேண்டும். அல்லது வடிகால் வழியே வெளியேற வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் வண்டி வண்டியாய் எருவைக் கொட்டினாலும், கதவைச் சாத்திவிட்டுத் திருடனை விரட்டுவது போல்தான் ஆகும். கோழி எருவில் உப்புச் சற்று அதிகம். அதை அளவோடு இடவேண்டும். அடுப்புச் சாம்பல் காரமுள்ளதாகையால் களருக்கு ஆகாது. களரின் கொடுமை மிகுந்திருந்தால் தழை உரம் மாத்திரம் போதாது, ஜிப்சமும் இடவேண்டும். ஜிப்சம் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் தாதுவே. பெரம்பலூர்ப் பக்கத்தில் கிடைக்கிறது. இயற்கை விவசாய விதிகளும் அதை அனுமதிக்கின்றன. தழை உரத்தோடு சேர்த்து இட்டால் ஜிப்சத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாற்றை வடிகட்டியபின் தங்கும் சேறும் நல்ல மருந்து. செய்யாற்றுப் பக்கத்திலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஏற்பட்டிருப்பதால் இந்த மாவட்டத்தாருக்கு அது எட்டாத பொருளன்று. ஆனால் கந்தகப் புகை கொண்டு சாற்றைத் தெளிய வைக்கும் ஆலையின் சேறே களருக்கு ஏற்றது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

கடல் புகுந்த வயல்கள்

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா என்று ஐயுறுவோர் நாகப்பட்டினத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2004-ம் வருஷம் டிஸம்பர் 26-ந் தேதி சுனாமிப் பேரலை கரையேறி உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அத்துடன் கடலோர வயல்களில் உப்பு நீரையும் கடற்சேற்றையும் நிரப்பிவிட்டது. இனி இந்த நிலம் பல வருஷங்களுக்கு விளையாது என்று பலரும் கைவிட்டார்கள்.

கைவிடாதவர்களும் இருந்தார்கள். இயற்கை விவசாயத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த கோ. நம்மாழ்வாரும் அவரைச் சேர்ந்த விவசாயிகளும் அந்த ஊர்களுக்குச் சென்றனர். படிந்த சேற்றை அகற்றினார்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டை விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார்கள். மக்கிய எருவை இட்டார்கள். 2005-ன் இறுதியில் வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்து பெரும் உதவி புரிந்தது. உப்பைத் தாங்கும் நாட்டு நெல்லும் கை கொடுத்தது. குழியடிச்சான், களர்பாலை என்னும் பழைய ரகங்களை நம் முன்னோர் சும்மாவா காப்பாற்றி வைத்தார்கள்? இரண்டாவது ரகம் தன் பெயரிலேயே தன் சாமர்த்தியத்தைத் தாங்கி நிற்கிறதே!

ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். கடலோர மணலில் ஏறியது உவர். மழையோடு விரைவில் இறங்கிவிட்டது. உள்நாட்டுக் களிமண்ணில் ஏறிய களர் அத்தனை சுலபத்தில் இறங்காது. வைத்தியம் ஒன்றேயானாலும் அங்கே நாட்கள் அதிகம் செல்லும்.

செய்யும் முறை

தக்கைப்பூண்டும் அவரை இனத்தைச் சேர்ந்ததே என்பது இந்தக் கதையின் அழகு. மனிதன் உண்ணாத அவரைக் குடும்பத்துச் செடி ஒன்று முன்னால் சென்று நிலத்தைத் திருத்தி, உண்ணும் உறவினருக்கு இடம் செய்து கொடுக்கிறது. செனகால் தேசத்திலிருந்து வந்த மணிலா அகத்தி அதன் நெருங்கிய சொந்தம். அது வேரில் மட்டுமின்றித் தண்டிலும் முடிச்சுக் கட்டும்.

முதலாவது, நிலத்தைச் சமமாக்கி, பாத்தி கட்டி, ஓரத்தில் வடிகால் வாய்க்கால் வெட்டவேண்டும். கோடை மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதைக்கலாம். பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதுவிடவேண்டும். காலம் கடந்தால் தண்டு முற்றி நார் ஏறிவிடும். பிறகு மக்குவது கஷ்டம். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரமும், ஆலைச்சேறு கிடைத்தால் அதையும் சேர்க்கலாம்.

இரண்டாவது, உடனே பயறு விதைக்க ஆசைப்படக் கூடாது. களரில் முதற்பயிர் நெல்லாக இருப்பதே உத்தமம். நெல்லுக்காகத் தேக்கும் தண்ணீர் உப்பைக் கீழே கொண்டுபோகும். நெல்லின் வேர் மண்ணைத் துளைத்து வழி செய்யும். திருச்சிராப்பள்ளி வேளாண்மைக் கல்லூரியில் களர் நிலத்துக்கென்றே 'டி.ஆர்.ஒய்.' என்னும் நெல் வரிசையை உண்டாக்கியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக வருவது பயறு. முதலில் காராமணி, மண் மேலும் திருந்திய பிறகு உளுந்து, பாசிப்பயறு, கடைசியாக மணிலா. பயறு வகைகளுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த ரகங்களைக் கேட்டு வாங்கலாம். விதைக்கு முன்பு ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின்மேல் பூசி, நிழலில் உலர்த்தவேண்டும். பார் பிடித்து நீர் பாய்ச்சும் கொல்லையில் பாரின் உச்சியில் விதைக்கலாகாது. உப்பு அங்கேதான் போய்த் தங்கும். பக்கச் சரிவில் விதைத்தால் நாற்று பிழைக்கும். மணிலாவுக்கு மண் அணைக்கும்போது, அதாவது 40 முதல் 45 நாளுக்குள், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டால் காய் திரண்டு பருக்கும்.

தண்ணீரும் உரிமையும்

இவ்வளவு பாடுபட்டும், பாய்ச்சுகிற தண்ணீர் கெட்டதாயிருந்தால் பிரயாசை வீண். ஒரு பக்கம் உப்பை இறக்கி, மறுபக்கம் கிணற்றிலிருந்து உப்பை ஏற்றுவதில் என்ன லாபம்? வடக்கே பாலாற்றங்கரையில் நேர்ந்ததை அறியாதவர் இல்லை. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ, ஓரளவோ பாழாயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்துச் சொல்லிற்று. 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் அது இடம்பெற்றது. மண் கெட ஒரு தலைமுறை போதும். தேற எத்தனை தலைமுறை வேண்டுமோ! ஆகவே ஏரிகளைத் தூர் எடுத்து மழைநீரைக் காப்பதே களருக்கு முதல் மருந்து. மழைநீரில் உப்பு இல்லை.

மற்றொரு விஷயமும் உண்டு. நிலம் திருந்த மூன்று நான்கு வருஷம் செல்லும். முதல் பருவத்தில் விற்பதற்கு ஒரு மரக்கால்கூடக் கிடைக்காது. தழை முழுவதும் மண்ணுக்கே போய்விடும். வருஷா வருஷம் குத்தகை மாறுமானால் எந்தக் குடியானவர் அடுத்தவர் அறுவடைக்காகத் தம் உழைப்பைப் புதைப்பார்? நிலச் சொந்தக்காரர்களில் பலர் பட்டணங்களில் உத்தியோகம் பார்க்கிறார்கள்; இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களிலும் சிலர் இருக்கக்கூடும். சாகுபடி செய்பவருக்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் நிலத்தை விட்டு, தக்கைப்பூண்டு விதைக்கும் பருவத்தில் குத்தகையைத் தள்ளிக் கொடுத்தால், அது தர்மமும் ஆகும், லாபமும் ஆகும்.

வள்ளுவர் கல்லாதவரைப் பயன் தராத களருக்கு ஒப்பிட்டார். கல்லாதவர் என்றும் கல்லாதவராகவே இருக்கவேண்டும் என்பது அவர் கருத்தன்று. கற்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார். களரும் அப்படித்தான். பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும், கொஞ்சம் தழையும், கொஞ்சம் சாணமும், வடிய ஒரு வாய்க்காலும் கிடைத்தால், அதுவும் பயறு விளைவிக்கக் கற்றுக்கொள்ளும்.